மாத்திரையின் பெயரைச் சொல்லவில்லை

இந்த ஆண்டு நான் ஓடிய நெடுந்தூர மலைச் சைக்கிள் போட்டிகள் எதிலும் விதியை மீறவில்லை. குறுக்குப் பாதையில் போகவில்லை, வாகனத்தைப் பிடித்துக்கொண்டு ஏறவில்லை, தடைசெய்யப்பட்ட மருந்து எதையும் தொடவில்லை. எந்த நடுவரும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டிகளை நான் டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். என்னை நம்பிய ஒரு பையனுக்கும் அதைக் கொடுத்தேன். அவனை வைத்தியசாலையில் சேர்த்தபோது அதை மறைத்தேன்.

எனக்கு வேலை பல்லேகல கைத்தொழில் வலயத்தில். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, எத்தனையோ பேரைப் போல நானும் மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். பெற்றோல் திரும்பி வந்தது. நான் சைக்கிளை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திகன, தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரை ஏறுவேன். அங்கே இடப்பக்கம் திரும்பினால் லூல்வத்தை, கோபட்ஸ் கெப், அப்புறம் மீமுரேக்கு இறங்கும் பாதை. கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் வெயிலில் கிடக்கும்போது மேலே நக்கிள்ஸில் கை விறைக்கும். அந்த மலைப் பாதைகளை நான் நேசித்தது பொய்யில்லை. நேபாளத்தில் 5,416 மீற்றர் உயரமான தொரோங் லா கணவாயைச் சைக்கிளோடு கடக்கும் யாக் அட்டாக் போட்டியைப் பற்றி வாசித்த நாளிலிருந்து, நாற்பது வயதைக் கடந்த எனக்கும் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. உள்ளூரில் கிடைத்த நெடுந்தூரப் போட்டிகளுக்கெல்லாம் பெயர் கொடுத்தேன்.

முழங்கால் ஆண்டின் தொடக்கத்திலேயே வலிக்க ஆரம்பித்தது. பாமசியில் துண்டு கேட்காமலே மாத்திரை தந்தார்கள். முதலில் வலித்தபோது போட்டேன். பிறகு போட்டிக்கு முந்திய இரவு போட்டேன். பிறகு, தொடங்குவதற்கு முன்னும் பாதி வழியிலும், இன்னும் வராத வலிக்காகப் போட்டேன். ஜேர்சியின் பின்பையில் வாழைப்பழத்தோடு மாத்திரை அட்டையும் இருக்கும். வீட்டில் மனைவிக்கும் தெரியாது. அட்டைகளை வேலைத்தலத்து லாச்சியில்தான் வைத்திருந்தேன்.

என் அம்மா ரங்களைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். இடுப்புவலிக்குப் பெனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போவார். போகாவிட்டால் அன்றைய சம்பளமான பேர் இல்லை; கிலோ குறைந்தால் அரைப்பேர். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. வலியை மாத்திரையால் அடக்கிவிட்டு நடப்பதை அவரிடமிருந்துதான் கற்றேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவருக்குச் செய்த அநியாயம். அவர் எங்களுக்குச் சோறு போடுவதற்காகச் செய்ததை நான் பெயர்ப் பட்டியலில் மேலே வருவதற்காகச் செய்தேன்.

எங்கள் சைக்கிள் குழுவில் இளம் பையன்கள் இருந்தார்கள். "எப்படிண்ணே இந்த வயசுல இப்படி ஏறுறீங்க?" என்று கேட்பார்கள். "வலிக்குப் பழகணும் தம்பி, பொறுமைதான் எல்லாம்" என்பேன். அவர்கள் அதை நம்பினார்கள். மாத்திரையை விட இந்தப் பொய் என்னை இப்போது அதிகம் வதைக்கிறது.

ஆண்டின் கடைசிப் பகுதியில் ஒரு போட்டி. நல்ல வெயில். அந்தப் பையன்களில் ஒருவன் முந்திய இரவே வயிற்றோட்டம் என்று சொல்லியிருந்தான். பாதி ஏற்றத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முடியலண்ணே, இறங்கிடவா?" என்று கேட்டான். இறங்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் பையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அவன் போட்டியை முடித்தான். பின்னேரம் வாந்தி தொடங்கியது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது.

வைத்தியசாலையில் டொக்டர் கேட்டார், ஏதாவது மருந்து எடுத்தாயா என்று. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. அவன், இல்லை என்றான். என்னைக் காப்பாற்றுவதற்காக அவன் சொன்ன பொய் அது. தசைவலிக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு முதலில் தேவைப்பட்ட தகவலை, பக்கத்தில் நின்றுகொண்டே மறைத்தேன். மறுநாள் இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியற்றினின் ஏறியிருந்தது தெரிந்த பிறகுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டார். சேலைன் ஏற்றினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். சிறுநீரகமும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அது என் நல்ல காலம். நான் செய்த எதனாலும் அல்ல.

அதற்குப் பிறகுதான் வாசித்தேன். கடும் உழைப்பில் இரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடுகிறது. சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பவை புரொஸ்டகிளாண்டின் என்ற பொருட்கள். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகள் வலியை அடக்குவதே அந்தப் பொருட்கள் உருவாவதைத் தடுத்துத்தான். உடலில் தண்ணீரும் வற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 89 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. அது நடந்த இடங்களில் இலங்கையும் ஒன்று. 80 கிலோமீற்றர் ஓட்டத்தில் இபுபுரூபன் எடுத்தவர்களில் 52 வீதமானோருக்கும், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 34 வீதமானோருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மருந்தே இல்லாமலும் மூன்றில் ஒருவருக்குப் பாதிப்பு. அதன்மேல்தான் நான் மாத்திரையையும் போட்டேன்.

இந்தியாவில் மாடுகளுக்குக் கொடுத்த இதே டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றைத் தமிழ்நாட்டில் இன்று எண்ணிக் காக்கிறார்கள். சிறுநீரகம் அழிவது இங்கே நமக்கும் தூரத்து விஷயமில்லை. பதினெட்டு வளைவை இறங்கி மகியங்கனையைக் கடந்தால் கிராந்துருக்கோட்டை. காரணம் இன்னதென்று முடிவாகாத சிறுநீரக நோயில் அங்கே விவசாயிகள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். தங்கள் தவறில்லாமல் அவர்கள் இழக்கும் ஓர் உறுப்பை நான் ஒரு பதக்கத்துக்காகப் பணயம் வைத்தேன். என்னுடையதை மட்டுமல்ல.

ட்ரமடோல் என்ற வலிமருந்தைச் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் 2019 மார்ச்சிலிருந்து போட்டிகளில் தடைசெய்தது. 2024 ஜனவரியில் உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையும் தடைசெய்தது. டைக்ளோபினாக் அந்தப் பட்டியலில் இல்லை. தடையில்லை என்பதைத் தீங்கில்லை என்று நான் வாசித்துக்கொண்டேன். தெரியாமல் அப்படி வாசித்தேன் என்றும் சொல்ல மாட்டேன். தெரியாதவன் லாச்சியில் ஒளிக்க மாட்டான்.

அந்தப் பையன் தேறிய பிறகு, மாத்திரை இல்லாமல் ஒரு போட்டிக்குப் போனேன். முழங்கால் பாதியிலேயே நிறுத்திவிட்டது, முடிக்கவில்லை. முன்பு முடித்த போட்டிகளின் நேரங்களை இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டேன். குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பையனின் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இது அச்சாகி அவர் கைக்குப் போவதற்கு முன் நேரில் போய்ச் சொல்வேன்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவு மேசையில் இரத்த வகையைக் கேட்கும் இடத்திலேயே, என்ன மாத்திரை எடுத்திருக்கிறாய் என்றும் கேளுங்கள். சைக்கிள் ஓடும் தம்பி, தங்கைகளுக்கு: வயிற்றோட்டமோ காய்ச்சலோ இருந்தால் அன்று இறங்கிவிடுங்கள். அண்ணன் யாராவது பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். சிறுநீரின் நிறம் மாறினால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே கேட்கும்போது, யார் பக்கத்தில் நின்றாலும், மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.