திரையில் கோளாறு இல்லை

போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். 10.1 அங்குலத் திரை, 1280-க்கு 800 பிக்சல். விலை குறைவு. வாங்கும்போதே கொஞ்சம் உறுத்தியது. கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 149 புள்ளிகள்தான் வரும். 2012-ல் வந்த ஐபேடிலேயே 264 இருந்தது. பேப்பர் படிக்கத்தானே, போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்தைக் கையால் தடவியே 'ண'வா 'ன'வா என்று சொல்லிவிடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன்னால் அதில் என்ன பிழை என்றுதான் பார்ப்பார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த டேப்லெட்டை எடுத்துப் பார்த்தேன். பகீரென்றது. திரை முழுக்கக் கருப்பு, எழுத்துகள் வெள்ளை. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவு. கேலரியில் என் மகள் படம் பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி இருந்தது. முடி வெள்ளை, பல் கருப்பு.

"என்னப்பா, இப்படி இருக்கு? சொல்லவே இல்ல?"

"நல்லாத்தானே இருக்கு."

எனக்குக் கோபம் கடைக்காரன் மேல். புத்திசாலித்தனமாக ஒரு சோதனையும் செய்தேன். ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பினேன். என் போனில் நிறங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அப்படியென்றால் மென்பொருளில் தப்பில்லை, பேனல்தான் போச்சு என்று முடிவு கட்டினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் சண்டை. அவர்கள் ஃபேக்டரி ரீசெட் செய்து பார்க்கச் சொன்னார்கள். செய்தேன். திரை பளிச்சென்று வெள்ளையாக வந்தது. மகள் சிரித்தாள், வெள்ளைப் பல்லோடு.

"பாருங்கப்பா!"

அப்பா வாங்கிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "ம், நல்லாருக்கு தம்பி" என்று சொல்லி அலமாரியில் வைத்தார்.

மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. நான்காம் நாள் அம்மா அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள்: "நீ சரி பண்ணதுலேர்ந்து அவரு அதத் தொடவே இல்லடா."

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். கல்லூரியில் படிக்கிறவள். "அண்ணே, தாத்தாவுக்கு நான் வச்சுக் கொடுத்ததெல்லாம் எடுத்துட்டீங்களா?"

அவள் வைத்துக் கொடுத்தது கலர் இன்வெர்ஷன். ஆண்ட்ராய்டில் 2014-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே அக்சஸிபிலிட்டி பகுதியில் இருக்கிற வசதி. நான் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. இந்த நிறமாற்றம், படம் திரைக்குப் போகிற கடைசிக் கட்டத்தில் நடக்கிறது. அதனால் ஸ்க்ரீன்ஷாட்டில் விழாது. என் சோதனையே என்னை ஏமாற்றியிருக்கிறது. எழுத்து பெரிதாக இருந்ததும் அவள் வைத்துக் கொடுத்ததுதான்.

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"வெள்ளையா இருந்தா கண்ணு கூசுதுன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வாராவாரம் வீடியோ காலில் பேசுகிறேன், எனக்குத் தெரியாது.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் 6/24. மற்றவர் 24 மீட்டரில் பார்ப்பதை இவர் 6 மீட்டரில் நின்றால்தான் பார்க்க முடியும். புரை விழுந்த லென்ஸ் ஒளியைச் சிதறடிக்கும் என்றார் டாக்டர். பனிமூட்டத்தில் எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் மாதிரி. வெள்ளைத் திரை முழுவதும் அவருக்கு அந்த ஹெட்லைட். பின்னணியைக் கருப்பாக்கினால் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் குறையும், எழுத்து தனியாகத் தெரியும்.

நான் கவலைப்பட்ட அந்த 149 புள்ளிகள் நினைவுக்கு வந்தன. கையில் பிடித்துப் படிக்கிற தூரத்தில் ஒரு புள்ளி எனக்கே மட்டுமட்டாகத்தான் தெரியும். அவர் கண்ணுக்கு அது இருப்பதே தெரியாது. 264 வாங்கிக் கொடுத்திருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

வரும் வழியில் ஆட்டோவில் கேட்டேன். "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "எழுத்து பாத்துப் பொழச்சவன்டா நான். கண்ணு தெரியலன்னு எப்படிச் சொல்றது?" பிறகு, "ஆபரேஷன்னு சொல்லுவ. கண்ணுல கத்தி வைப்பாங்கல்ல, அதான்."

"பாப்பா படம் நெகட்டிவ் மாதிரி தெரிஞ்சுதே, அதுவாவது சொல்லியிருக்கலாம்ல?"

சிரித்தார். "முப்பது வருஷம் எழுத்தத் தலைகீழா வச்சுத்தான் படிச்சேன். பாப்பாவ அப்படிப் பார்த்தா எனக்குத் தெரியாதா?"

ஆபரேஷனுக்கு மாசி மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். முதலில் வலது கண். சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ராத்திரி எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி நானே எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். இரண்டு வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் நிறம் மாறுகிற மாதிரி ஒரு குறுக்குவழியும் அவள் காட்டினாள். அப்பா இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். பேப்பரைத் திறந்து முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டினார்.

"இங்க ஒரு ஒற்று விட்டுருக்கான் பாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாக்கணும்னா மாத்திக்க தம்பி. ஊருக்குப் போறப்ப மறுபடி மாத்தி வச்சிட்டுப் போ."