கரண்டு வந்ததும் என்ன செய்யணும்?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் நான் அதிகம் எழுதலைங்க. மஞ்சளுக்கு மண் அணைச்சு முடிஞ்சதும் தோட்டத்து வேலை கொஞ்சம் ஓய்ஞ்சுது. ஓய்ஞ்ச நேரமெல்லாம் மோட்டார் ரூமை ஒட்டின சாய்ப்புல போச்சு. அங்கே ஒரு பழைய டெஸ்க்டாப், சீட்டுக்கட்டு அளவுல ஒரு பச்சைப் பலகை, ஒரு சாலிடரிங் இரும்பு, நானும் என் அக்கா மகளும். எங்கப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "இன்னும் பொழைக்கலையா அது?"ன்னு கேட்டுட்டுப் போவார்.

புதுசா படிக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. தோட்டத்துக்குத் திரும்புறதுக்கு முன்னால பெங்களூருல பத்து வருசம் வேலை பார்த்தேன். சர்வர்களுக்கு உள்ளே ஓடுற ஒரு சின்ன மென்பொருள்தான் என் தொழில். பெரிய சர்வர் ஒவ்வொண்ணுலயும் முக்கியமான ப்ராசஸர் தவிர, ஓரமா ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். பிஎம்சி-ம்பாங்க. சர்வர் அணைஞ்சு கிடந்தாலும் அது முழிச்சிருக்கும். சூடு எவ்வளவு, ஃபேன் சுத்துதான்னு பார்க்கும். ஆயிரம் மைலுக்கு அப்பால இருந்து நீங்க சொன்னா பவர் பட்டனை அமுக்கும். எங்க ஊர்ல சொல்லிப் புரிய வைக்கணும்னா, தோட்டத்துச் சாளையில படுத்திருக்கிற காவல் ஆளுன்னு சொல்லலாம். முதலாளி தூங்கினாலும் இவன் தூங்கக்கூடாது.

ஒரு ராத்திரி மணி ரெண்டு இருக்கும். வேற தேசத்துல தொங்கிப் போன ஒரு சர்வரை, பெங்களூரு வீட்டுக் கட்டில்ல உட்கார்ந்தபடியே இந்தக் காவல் ஆளு மூலமா அணைச்சுப் போட்டேன். மூணு நிமிசம் ஆச்சு. காலையில அக்கா போன் பண்ணினாள். அதே ராத்திரி மும்முனைக் கரண்டு வந்திருக்கு. அப்பா டார்ச்சை எடுத்துக்கிட்டு மோட்டார் போடப் போனவர், கிணத்து மேட்டுல ஈரத்துல சறுக்கி விழுந்துட்டார். இடுப்பு எலும்பு முறிஞ்சு, விடியற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கார். நான் ஊருக்குத் திரும்பினதுக்குப் பல காரணம் சொல்லியிருக்கேன், இயற்கை விவசாயம், நல்ல காத்து அது இதுன்னு. முதல் காரணம் இதுதான். வந்ததும் செஞ்ச முதல் வேலை, மோட்டாருக்கு சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினது. பிஎம்சி பக்கம் அப்புறம் நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

இப்ப அக்கா மகள் கதைக்கு வர்றேன். இ.சி.இ. கடைசி வருசம். மாமா பார்த்த வேலையையே பார்க்கணும்னு அவளுக்கு ஒரு பிடிவாதம். போன இன்டர்வியூவுல, "நிஜ போர்டு எதையாவது தொட்டிருக்கியா?"ன்னு கேட்டிருக்காங்க. இல்லைன்னு சொல்லியிருக்கா. அத்தோட முடிஞ்சுது. வீட்டுக்கு வந்து என்கிட்ட, "தொடுறதுக்கு எங்க மாமா போறது?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. பிஎம்சிக்குன்னே ஆஸ்பீடுன்னு ஒரு கம்பெனி சிப் பண்ணுது, உலகத்துல பெரும்பாலான சர்வர்ல அதுதான். அதைப் பழகிப் பார்க்கிற போர்டு காலேஜ் பசங்க வாங்கிற விலையில இல்லை. கம்பெனிக்குள்ள போனாத்தான் போர்டைத் தொடலாம், போர்டைத் தொட்டிருந்தாத்தான் கம்பெனிக்குள்ள போகலாம்.

ஆனா மென்பொருள் மட்டும் திறந்து கிடக்கு. ஓபன்பிஎம்சி-ன்னு பேரு. 2014-ல ஃபேஸ்புக் பொறியாளர்கள் ஆரம்பிச்சு வெச்சாங்க. 2018-ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ வந்துது. ஐபிஎம், இன்டெல், கூகுள், மைக்ரோசாஃப்ட்னு வெளியில அடிச்சுக்கிறவங்க எல்லாம் இதுல ஒண்ணா வேலை செய்றாங்க. யார் வேணும்னாலும் மொத்தக் கோடையும் இறக்கிக்கலாம். அதை ராஸ்பெர்ரி பையில ஏத்தினா என்னன்னு யோசிச்சோம். என்கிட்ட பெங்களூருல வாங்கின பை 3 ஒண்ணு பெட்டிக்குள்ள தூங்கிட்டிருந்துது. விலை மூணு டிஏபி மூட்டைக் காசுதான் இருக்கும். இதுல ஒரு வேடிக்கை. வேகத்துல பார்த்தா பைதான் பெரியவன். பல சர்வர்ல இருக்கிற ஏஎஸ்டி2500 சிப் 800 மெகாஹெர்ட்ஸ், ஒத்தைக் கோர். பை 3-ல 1.2 கிகாஹெர்ட்ஸ்ல நாலு கோர். நம்ம காவல் ஆளுக்கு வேண்டியது வேகமே இல்லைன்னு அப்புறம்தான் உறைச்சுது.

மொத்த மென்பொருளையும் யோக்டோங்கிற முறையில மூலத்திலிருந்து சமைச்சு எடுக்கணும். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு அடுக்கு, அதுக்கு மேல இன்னொரு அடுக்குன்னு போகும். பைக்கான அடுக்கு ஏற்கெனவே ஓபன்பிஎம்சி கூடவே வருது. பல ஜிபி இறக்கணும். எங்க தோட்டத்துல போன் சிக்னல் கட்டுத்தரை கூரை மேலதான் ஒழுங்கா கிடைக்கும். அதனால போனை அங்கே வெச்சுட்டு லேப்டாப்பைக் கீழே வெச்சோம். முதல் தடவை ஒரு ராத்திரியும் மறுநாள் மதியம் வரைக்கும் ஓடுச்சு. லேப்டாப் பேட்டரி செத்துப் பல காலம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை கரண்டு போய் அதுவும் அணைஞ்சுது. நல்லவேளை, விட்ட இடத்துல இருந்து பிடிச்சுக்கிற புத்தி அதுக்கு இருக்கு.

மெமரி கார்டுல எழுதிப் போட்டா, சீரியல் ஒயர்ல ஒரு எழுத்து வரலை. பை 3-ல நல்ல சீரியலைப் ப்ளூடூத்துக்குத் தூக்கிக் கொடுத்துட்டு நமக்கு மட்டமான ஒண்ணை விட்டுவெச்சிருப்பாங்க, அதையும் சொன்னாத்தான் திறந்துவிடும். ப்ளூடூத்தை அணைச்சு நல்லதைப் பிடுங்கினோம். எழுத்து ஓடுச்சு. லாகின் கேட்டுது. யூசர் ரூட், பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா உள்ளே விடலை. அரைமணி நேரம் அவ போராடினா. அந்தப் பாஸ்வேர்டுல முதல் எழுத்து ஓ இல்லை, பூஜ்யம்! பத்து வருசம் நான் தினம் அடிச்சது, எனக்கே மறந்து போச்சு. (வீட்டுல போடுறவங்க முதல் வேலையா அதை மாத்திடுங்க. இந்தக் காவல் ஆளை நேரா இன்டர்நெட்ல நிறுத்தவும் கூடாது. வீட்டுச் சாவியை வாசப்படியில வெச்சுட்டு ஊருக்குப் போற மாதிரி அது.)

அடுத்து டெஸ்க்டாப்போட இணைக்கிறது. கோயமுத்தூர்ல பழைய சாமான் கடையில வாங்கின டெஸ்க்டாப்தான் எங்க "சர்வர்". அதோட சீரியல் போர்ட்டுல வர்ற வோல்டேஜ் வேற, பை தாங்குறது 3.3 வோல்ட் மட்டும். நேரா கொடுத்தா கால் கருகிடும், நடுவுல ஒரு மாக்ஸ்3232 சிப் வேணும். பவர் பட்டன் சுலபம். அது ரெண்டு ஊசியைத் தொட வைக்கிறதுதான். பையோட ஒரு காலிலிருந்து டிரான்சிஸ்டர், அங்கிருந்து ஆப்டோகப்ளர், அதோட மறுபக்கம் பட்டன் ஊசி. டக்குனு தொட்டு விட்டா மெஷின் எழும். நாலு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சா முரட்டுத்தனமா அணையும். உங்க வீட்டு டெஸ்க்டாப்பும் அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் அவ லேப்டாப்ல பட்டனைத் தட்ட, நாலடி தள்ளி டெஸ்க்டாப் ஃபேன் சுத்துச்சு. அவ போட்ட சத்தத்துல கோழியெல்லாம் எகிறுச்சு.

அன்னைக்கு ராத்திரியே கரண்டு போச்சு. வந்தப்ப டெஸ்க்டாப் எழுந்து, நாலு எண்ணுறதுக்குள்ள படுத்துக்கிச்சு. மறுநாளும் அதே கதை. கரண்டு வந்தா தானா எழணும்னு டெஸ்க்டாப்ல சொல்லி வெச்சிருந்தோம், எழத்தான் செஞ்சுது. பவர் சப்ளையை மாத்திப் பார்த்தோம். கோடுல தேடினோம். ரெண்டு நாள் தூக்கமில்லை. பகல்ல நாங்க சோதிக்கும்போது இந்தக் கோளாறு வரவே இல்லை. எப்பவுமே முதல்ல பையை எழுப்பிட்டு, சாவகாசமா டெஸ்க்டாப்பைப் போடுவோம் இல்லையா, அதனால.

மூணாம் நாள் கரண்டு வந்த நேரத்துல அப்பா கைத்தடியோட வாசல்ல நின்னு முழுசாப் பார்த்தார். "கண்ணு, நம்ம ஸ்டார்ட்டர்ல பச்சைப் பட்டன் உள்ளே சிக்கிக்கிச்சுன்னா, கரண்டு வந்த உடனே மோட்டார் தானா ஓடும். அந்த மாதிரி ஆரோ பட்டனை அமுக்கிப் பிடிச்சிருக்காப்பல இருக்குது"ன்னார்.

எனக்குச் சட்டுனு ஒண்ணு தட்டுச்சு. பையோட சிப் கையேட்டை எடுத்தோம். கரண்டு வந்ததும், மென்பொருள் எழுந்து பொறுப்பு எடுத்துக்கிற வரைக்கும், 0 முதல் 8 வரைக்குமான கால்கள் தானா மேல இழுபட்டு நிக்கும். 9 முதல் 27 வரைக்கும் கீழே. நாங்க பிடிச்சிருந்தது 4. அந்த மெல்லிய இழுப்பே டிரான்சிஸ்டரைத் திறக்கப் போதும். அதாவது எங்க காவல் ஆளு ஒவ்வொரு தடவை முழிக்கும்போதும் முதலாளி கழுத்தை அமுக்கிக்கிட்டே முழிச்சிருக்கான். ஒயரை 4-லிருந்து 17-க்கு மாத்தினோம். கோடுல ஒரு எண்ணை மாத்தினோம். தீர்ந்துது. அக்கா மகள் நோட்டுல, "கண்டுபிடிச்சது: அப்புச்சி"ன்னு எழுதி வெச்சிருக்கா.

அதுக்கப்புறம் வந்ததெல்லாம் கரண்டு போய் வர்றதுல முளைச்ச பிரச்சினைதான். நிஜ பிஎம்சியில மென்பொருள் ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப்புக்குள்ள, பெரும்பகுதி எழுத முடியாதபடி இருக்கும். பையில மெமரி கார்டு. எழுதிட்டிருக்கும்போது கரண்டு போய் ஒரு கார்டு பாழாப் போச்சு. அப்புறம் முழுசையும் படிக்க மட்டும்னு பூட்டிட்டு, எழுதுறதுக்கு ஓரமா ஒரு சின்னத் துண்டு விட்டோம். பை 3-ல கடிகாரமும் கிடையாது. கரண்டு போய் வந்தா தேதி பின்னால போயிடும், நேத்து நடந்த கோளாறு போன மாசம் நடந்த மாதிரி பதிவாகும். பட்டன் செல் போட்ட டிஎஸ்3231 கடிகாரத்தை வாங்கி மாட்டினோம்.

கடைசியா ஒரு கேள்வி நின்னுது. கரண்டு திரும்பி வந்தா சர்வர் என்ன பண்ணணும்? ஓபன்பிஎம்சியில இதுக்குன்னே மூணு வழி இருக்கு. எப்பவும் எழுந்துக்கோ. எப்பவும் அணைஞ்சே இரு. போறதுக்கு முன்னால எப்படி இருந்தியோ அப்படியே இரு. கூடவே, எழுறதுக்கு முன்னால எத்தனை நேரம் பொறுக்கணும்னும் சொல்லலாம். அவ யோசிக்காம, "எப்பவும் எழுந்துக்கோ"ன்னு போட்டா. காவல் ஆளுன்னா அதுதானே வேலைங்கிறது அவ நியாயம்.

நான் அவளை மோட்டார் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் ஸ்டார்ட்டரைக் காட்டினேன். எங்க ஊர்ல கரண்டு ஒரேயடியா வராது, ரெண்டு மூணு தடவை கண்ணடிச்சுட்டுத்தான் நிக்கும். வந்த உடனே ஓடுற மோட்டார் காயில் கருகும். அதனாலதான் அந்தப் பெட்டியில நிமிசக் கணக்குல பொறுக்க வெச்சிருக்கு. அப்புறம் அப்பாகிட்ட, பம்பைக் கழட்டும்போது என்ன செய்வீங்கன்னு கேட்கச் சொன்னேன். அவர் வாயால சொல்லலை. எழுந்து போய் மூணு ஃப்யூஸ் கேரியரையும் உருவி, வேட்டி மடியில சுருட்டி வெச்சுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். "கை உள்ள இருக்கிறப்ப கரண்டு வந்தா, பொட்டிக்கு என்ன தெரியும்? கேரியர் எம்மடியில இருந்தா நாந்தேன் முடிவு பண்ணோணும்."

அவ "போறதுக்கு முன்னால இருந்தபடி"ன்னு மாத்தி, ரெண்டு நிமிசம் பொறுமையும் போட்டா. டெஸ்க்டாப்ல தானா எழுறதை அணைச்சுட்டு, முடிவை முழுசா காவல் ஆளுகிட்ட விட்டா.

சென்னை நண்பர் ஒருத்தர், "அப்ப மோட்டாரையே இதுல கோத்துடலாமே?"ன்னு கேட்டார். கோக்க மாட்டேன். அது 415 வோல்ட். இது ஒரு பொண்ணு பழகுறதுக்காகச் செஞ்ச பலகை. நிஜ சர்வர் போர்டுல இருக்கிற பல இணைப்புகள் இதுல கிடையவே கிடையாது, அதை இன்டர்வியூவுல மறைக்காம சொல்லுன்னும் அவகிட்ட சொல்லியிருக்கேன். எழுதின மாற்றங்கள்ல ஒரு சின்னத் துண்டை ஓபன்பிஎம்சிக்கே அனுப்பியிருக்கா. விளக்கத்தை இன்னும் தெளிவா எழுதுன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க. எழுதிட்டிருக்கா.

அடுத்த இன்டர்வியூ பொங்கலுக்கு அப்புறம். போன வாரம் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனவ, அங்கிருந்தே வயர்கார்ட் வழியா உள்ளே வந்து மெஷினை எழுப்பிக் காட்டுறேன்னா. நான் வாய்க்கால்ல மடை மாத்திட்டிருந்தேன். காதுல போன். "மாமா, அமுக்கிட்டேன்... எழுந்துருச்சு! பாருங்க, எழுத்து ஓடுது"ன்னா. கொஞ்ச நேரம் சிரிச்சா. அப்புறம், "மாமா, போயிருச்சு. ரெண்டுமே போயிருச்சு. அங்க கரண்டு இல்லையா?"

கரண்டு இருந்துது, மோட்டார் ஓடிட்டுத்தான் இருந்துது. மண்வெட்டியை வரப்புல வெச்சுட்டுப் போய்ப் பார்த்தேன். சாய்ப்புல அப்பா சீமாத்தோட கூட்டிட்டிருந்தார். ஆளில்லாத நேரத்துல பொட்டி தானா இரைஞ்சுதாம். ப்ளக் ரெண்டையும் பிடுங்கிட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவர் மடியில இருந்துது.