உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும்...

ரத்ததானம் செய்யப் போனவர்கள், பிரசவத்துக்குப் பதிவு செய்யும் கர்ப்பிணிகள். ஹைதராபாத்திலும் பலருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருப்பது இப்படித்தான் தெரியவருகிறது. காமாலை இல்லை, களைப்பும் இல்லை. சிலர் இடிந்துபோகிறார்கள், சிலர் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள்.

இரண்டுமே வேண்டாம்.

அறிகுறியற்ற பெரும்பாலோர் இயல்பான வாழ்க்கையே வாழ்கிறார்கள். ஆனால் சிறுவயதில் தொற்றி நாட்பட்டுப் போனவர்களில், சிகிச்சை இல்லாவிட்டால், 15 முதல் 25 சதவீதம் பேரைக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ பறித்துவிடுகிறது. வைரஸ் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து மறுபடி தலைதூக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்கிறார்கள். தேவைப்படுவோருக்கு வைரஸ் அளவு, ஸ்கேன். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும்.

இதே ஹைதராபாத்தில்தான் வரபிரசாத் ரெட்டியின் சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் ‘ஷான்வாக்-பி’ தடுப்பூசியைக் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே மரபணுத் தொழில்நுட்பத்தில் உருவான முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அது. எட்டாத விலையில் இருந்த ஊசி ஏழை வீட்டுக்கும் எட்டியது.

சேர்ந்து சாப்பிடுவதால் ஹெபடைடிஸ் பி தொற்றாது, யாரையும் ஒதுக்காதீர்கள். ஹெபடைடிஸைக் கட்டுப்படுத்த 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பாசிட்டிவ் என்றால் வீட்டார் எல்லோருக்கும் பரிசோதனை செய்யுங்கள். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போடுங்கள்.