ஆட்டத்தில் யதார்த்தம்

'யதார்த்தம்' என்ற சொல்லை நம் விமர்சகர்களுக்கு அடுத்தபடியாக இன்று அதிகம் உபயோகிப்பவர்கள் செல்போனில் கிரிக்கெட் ஆடும் பையன்கள்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் சொல்லும் வார்த்தை 'ரியல்'. திட்டக்குடி பஸ் நிலையத்தில் இரண்டு பேர் ஒரே போனைக் குனிந்து பார்த்துக்கொண்டு, போன பதிப்பைவிட இது ரியலாக இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருவன் கட்சி, பந்து மட்டை விளிம்பில் உரசும் சத்தம் முதற்கொண்டு டி.வி.யில் பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்பது. மற்றவன் கட்சி, எல்லாம் சரி, ஆடத்தான் முடியவில்லை என்பது. உருவம் உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்கில் நடத்திய விவாதங்கள் பலவற்றைவிட இது தெளிவாக இருந்தது. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதாவது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் கையில் இருந்தது சென்னையில் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்த 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்'. இரண்டாம் பதிப்பு 2015-ல் வந்தது, மூன்றாவது 2020-ல். மனிதர்களின் உடலசைவைக் காமிராக்களால் பதிவு செய்து திரையிலுள்ள பொம்மைகளுக்கு ஏற்றியிருக்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு வேதம் வேறு. ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட 'கிரிக்கெட் 07'. கிரிக்கெட் அதிகம் வேர் பிடிக்காத கனடாவில், ஹெச்.பி. ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் அதை உருவாக்கியது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஈ.ஏ. வேறு பதிப்பு வெளியிடவில்லை. ஆனாலும் ரசிகர்கள் உடைகளையும் பெயர்களையும் மாற்றி மாற்றி அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்கள் தங்கள் சொந்தப் பெயரில் ஆடினார்கள். அனுமதி வாங்கப்படாததால் இந்திய வீரர்களுக்கெல்லாம் எழுத்துகள் இடம் மாறிய, சிதைந்த பெயர்கள். முகத்தில் அடையாளம் தெரியும், பெயரில் தெரியாது.

இந்த ஆட்டங்கள் யதார்த்தம் என்று எதைச் சொல்கின்றன என்று பார்த்தால், அவை பிரதி செய்வது மைதானத்தை அல்ல, டெலிவிஷனை. விக்கெட் விழுந்ததும் ரீப்ளே. திரையின் அடியில் ஸ்கோர்ப் பட்டை. 'கிரிக்கெட் 07'-ல் ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை செய்கிறார்கள். பந்தின் பாதையைக் கோடாகக் காட்டும் ஹாக்-ஐ 2001-ல் டெலிவிஷனுக்கு வந்தது. பின்னால் வந்த ஆட்டங்களில் அதுவும் சேர்ந்துகொண்டது. மைதானத்தில் நிற்பவனுக்கு ரீப்ளே கிடையாது. அவன் காதில் பெனோவின் குரல் விழுவதில்லை, விக்கெட் கீப்பரின் முணுமுணுப்புதான் விழுகிறது. அவனுக்குக் கிடைப்பது வெயிலும் காத்திருப்பும். 2014-ல் வந்த 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14' ஒரு தனி ஆட்டக்காரனின் வாழ்க்கையை ஆடக் கொடுத்தது. அதிலும்கூட மற்றவர்கள் ஆடும் நேரத்தைத் தாண்டிக்கொண்டு நம் முறைக்கு வந்துவிடலாம். கிரிக்கெட்டில் பெரும்பகுதி மற்றவர்கள் ஆடும் நேரம். அதைத் தாண்டிவிட்டு எஞ்சுவதை யதார்த்தம் என்று சொல்வது, முக்கியச் சம்பவங்களை மட்டும் எண்ணி ஒரு மனிதனின் ஆயுளைக் கணக்கிடுவது போன்றது.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் புழுக்கத்தில் டீன் ஜோன்ஸ் ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 210 ரன்கள் அடித்தார். அதன்பின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். அதே புழுக்கத்தில் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார், இரண்டு இன்னிங்ஸிலுமாகப் பத்து விக்கெட் எடுத்தார். ஐந்தாம் நாள் முடிவில் ஆட்டம் சமன். டெஸ்ட் சரித்திரத்தில் அப்படி நேர்ந்தது அது இரண்டாவது தடவை. எந்தப் புரோகிராமராவது சேப்பாக்கம் வெயிலில் ஒரு சுழற்பந்து வீச்சாளனுக்கு ஸ்வெட்டர் மாட்டியிருந்தால், வாங்கியவர்கள் அதைப் பிழை என்று புகார் செய்திருப்பார்கள். நம்பமுடியாத சாத்தியத்தைவிட நம்பக்கூடிய அசாத்தியமே கவிஞனுக்குத் தோது என்று அரிஸ்டாட்டில் கருதினார். நடந்த விஷயத்துக்கு நம்பும்படி இருக்கவேண்டிய கடமை இல்லை. செய்யப்பட்ட விஷயத்துக்கு உண்டு. 'ரியலாக இருக்கிறது' என்று பையன்கள் சொல்லும்போது, 'நாங்கள் எதிர்பார்த்தபடி இருக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். நாவல் மதிப்புரைகளிலும் பெரும்பாலும் இதே அர்த்தம்தான்.

'ஆட முடியவில்லை' என்ற இரண்டாமவனின் புகார் இதைவிட ஆழமானது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு மட்டையாளனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை விநாடி. வீசுபவனின் மணிக்கட்டையும் தோளையும் பல வருஷம் பார்த்துப் பார்த்துத் தேறிய கண்ணால்தான் அந்த அரை விநாடியை உபயோகிக்க முடியும். போனைப் பிடித்திருப்பவனுக்கு அந்தக் கண் இல்லை, கட்டைவிரல்தான் இருக்கிறது. ஆகவே பந்து விழப்போகும் இடத்தில் திரை ஒரு குறியைப் போட்டுக் காட்டுகிறது. அது பொய். நிஜத்தில் எந்தப் பந்து வீச்சாளனும் விழப்போகும் இடத்தில் கோலம் போட்டு வைப்பதில்லை. ஆனால் பல வருஷத்துப் பயிற்சியை ஒரு வட்டமாகச் சுருக்கித் தருகிற பொய். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருகிறான். எந்த ராஜா அப்படி வருவான் என்று விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தியும் கேட்பதில்லை. அவளும் அவனும் ஒரு உடன்பாட்டில் இருக்கிறார்கள். ஆட்டத்தின் ஆடுதன்மை என்பது இந்த உடன்பாடுதான். யதார்த்தத்துக்கு அது எதிரி என்று எண்ணத் தேவையில்லை. எந்த யதார்த்தமும் இப்படியொரு உடன்பாட்டின் மேல்தான் நிற்க முடிகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2008-ல் விருத்தாசலத்தில் பி.ஏ. ஆங்கிலம் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நானும் என் நண்பன் ஒருவனும் 'கிரிக்கெட் 07' ஆடுவோம். அவனுக்குக் கீபோர்ட், எனக்கு ஜாய்ஸ்டிக், அடுத்த நாள் மாற்றிக்கொள்வோம். எதிரெதிராக ஆடும்போது ஒரு சங்கடம். இருவருக்கும் ஒரே திரை. அவன் எங்கே பந்தைப் போடக் குறி வைக்கிறான் என்பது எனக்கும் தெரிந்துவிடும். வஞ்சனைக்கு இடமில்லாத பந்து வீச்சு என்ன பந்து வீச்சு? ஆகவே நாங்கள் ஒரு விதி செய்தோம். அவன் குறி வைத்து ஓடி வரும்வரை நான் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். பந்து கையை விட்டுப் போகும்போது 'ம்' என்பான், திறக்கவேண்டும். நான் வீசும்போது அவன் மூடிக்கொள்வான். அரைக்கண் திறந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க வழியில்லை. கனடாக்காரர்கள் செய்யாமல் விட்ட யதார்த்தத்தை நாங்கள் கண்ணை மூடிச் சேர்த்துக்கொண்டோம். அந்த இயந்திரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நிஜமான பயம், கண் திறந்த அந்தக் கணத்தில் பந்து ஏற்கெனவே பாதி தூரம் வந்திருப்பதைப் பார்த்ததுதான்.

எதிரெதிராக ஆடியதைவிட ஒரே கட்சியில் கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடியதுதான் அதிகம். அப்போது புதுப் பந்து அவனுக்கு. அதில் பேச்சே கிடையாது. அவன் இடது கை வேகப்பந்து வீச்சாளன், கோடையில் வெள்ளாற்றில் வண்டல் இறுகிய இடத்தில் டென்னிஸ் பந்தை எழும்பவைக்கத் தெரிந்தவன். ஆற்றில் ஆடப்படும் கிரிக்கெட்டுக்கும் விதிகள் உண்டு. ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் பிடித்தால் அவுட். கருவேல முள்ளில் விழுந்தால் இரண்டு ரன். கிணற்றில் விழுந்தால் அவுட், அதோடு புதிதாகப் பந்தும் வாங்கித் தரவேண்டும். இவையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப்படும் விதிகள். சொல்லப்படாத விதி ஒன்றும் இருந்தது. ஊரின் அணி வேறு, காலனியின் அணி வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு நடக்கும் போட்டிகளில் அணியின் பெயரைக் கேட்டாலே எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். இரண்டு அணியும் எதிரெதிரே வராதபடி அட்டவணை போடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவன் காலனி, நான் ஊர். நாங்கள் இருவரும் ஒரே அணியில் நின்ற மைதானம் அந்தப் பதினைந்து அங்குலத் திரை ஒன்றுதான். தோல் பந்து ஒன்றை அவன் தன் கையால் தொட்டதில்லை, அங்கே வாரத்துக்கு மூன்று தரம் அதைப் பளபளக்கத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். இதைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "இதுல டாஸ் போட நாட்டாமை வரவேண்டியதில்ல பாரு" என்றான். சிரித்தோம்.

இங்கேதான் என் பிரச்னை தொடங்குகிறது. யதார்த்தம் கோருகிற விமர்சகன் எதுவரை கோரலாம்? பல்வங்கர் பாலுவின் கதை தெரிந்ததுதான். தீண்டப்படாத சாதியில் பிறந்து பூனாவில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் தொடங்கிய பந்து வீச்சாளர். இந்துக்கள் அணிக்கு அவர் பந்து வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில் தேநீர். 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். தலைமை அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. 1923-ல் அவர் தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணிக்குத் தலைவரானார். இந்தியக் கிரிக்கெட்டை உள்ளபடி காட்டும் ஆட்டம் ஒன்று வேண்டும் என்றால் அந்த மண் குவளையும் அதில் வேண்டும். தோலின் வியர்வையும் புல்லின் நிறமும் துல்லியமாக வந்து, யார் மைதானத்துக்குள் வரலாம் என்பது வராமல் போனால், அந்தத் துல்லியம் என்ன துல்லியம் என்று கேட்க எனக்கு நியாயம் இருக்கிறது. மண்வாசனையும் வட்டார வழக்கும் ஒரு சொல் பிசகாமல் வந்து, கதைக்குள் யார் வீட்டுத் திண்ணைவரை வரலாம் என்பது மட்டும் வராமல் போன நாவல்களை நாம் யதார்த்தத்தின் சிகரம் என்று கொண்டாடியிருக்கிறோம். அங்கேயும் நாம் பாராட்டியது வியர்வையின் நிறத்தைத்தான்.

ஆனால் அப்படிப்பட்ட ஓர் ஆட்டம் 2008-ல் இருந்திருந்தால் என் நண்பன் அதற்கு மணிக்குக் காசு கொடுத்திருப்பானா? ஆற்றில் ஓசியில் கிடைப்பதைக் காசு கொடுத்து மறுபடி வாங்குவானேன்? அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஆட்டத்தின் பொய்தான். பெயர்கள் சிதைந்த ஓர் இந்திய அணியில், யாருடைய பெயரிலும் எந்தத் தெருவும் தெரியாத ஓர் அணியில், அவன் புதுப் பந்தை எடுத்துக்கொண்டான். கற்பனையின் வேலை இதுவும்தான் என்று ஒப்புக்கொள்ளாத யதார்த்தவாதம் எனக்கு வறட்சியாகப் படுகிறது. ஆனால் ஊர்ப் பையனான நான் 'ஆட்டத்தில் தெரு இல்லை, எவ்வளவு நல்லது' என்று சொல்வதும் அவன் சொல்வதும் ஒன்றாகாது. அவன் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டான், 'ம்' என்றதும் திறப்பதற்காக. மூடியிருக்கிறோம் என்பதே தெரியாமல் மூடியிருக்கும் கண் வேறு ஜாதி. ஒரு படைப்பு எதை விட்டுவிட்டது என்பதைவிட, விட்டுவிட்டது அதற்குத் தெரியுமா என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்டத்துக்குத் தெரியாமலிருக்கலாம். ஆடுகிற இருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது நான் வங்கியில் குமாஸ்தா. நண்பன் திருப்பூரில் சில வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி இரண்டு கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வந்தான். மனுவை நான்தான் பூர்த்தி செய்து கொடுத்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, விலாசம், பிறகு எந்த வகுப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் வந்தபோது நான் அவனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பேனா நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிற்று. செல்போன் ஆட்டங்களிலும் புதிதாக ஓர் ஆட்டக்காரனை உருவாக்க ஒரு படிவம் வருகிறது. பெயர், எந்தக் கை, சட்டை எண் என்று கேட்கிறது. அந்தக் கட்டம் அதில் கிடையாது. இரண்டில் எது யதார்த்தமான படிவம் என்று கேட்டால் என்னால் உடனே பதில் சொல்ல முடியாது. ஒன்றில் அவனுக்கு மாடு கிடைத்தது. மற்றதில் புதுப் பந்து கிடைத்தது.