இரண்டு நாள் லீவு

திங்கள்

விடிகாலை 5 மணி. வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காப்பி. அவிநாசி கோயிலை ஒட்டிய தெருவொன்றில் குடியிருக்கும் அந்த ஓவர்லாக் டெய்லருக்கு வயது 46. பெயர் போட வேண்டாம் என்றார். பனியன் கம்பெனியில் எல்லோரும் கூப்பிடுவதுபோல ‘அக்கா’ என்றே வைத்துக்கொள்ளலாம். தைராய்டு குறைவு 11 வருடமாக, சரவாங்கி எனும் முடக்குவாதம் 3 வருடமாக. கல்லூரியில் படிக்கும் மகள், நகைக்கடை கொடுத்த டைரியில் அம்மாவுக்காகக் குறித்து வைக்கிறாள். இன்றைய பதிவு: “5.10 வெரல் மடங்குல. 6.40 பாதி மடங்குச்சு. 8.15 கம்பெனி வண்டி போயிருச்சு.”

டைரி தொடங்கியதற்குக் காரணம் போன மாதம் நடந்த ஒரு சான்றிதழ் முகாம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், “தைராய்டு லிஸ்ட்டுலயே இல்லீங்கம்மா” என்றார். பிறகு கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் மடங்கின, பிடித்தன, விட்டன. முகாம் நடந்தது காலை 11 மணிக்கு. அக்காவின் கை விறைத்துக் கிடப்பது விடியலில்.

அந்த மருத்துவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்த கை அந்த நேரத்தில் நல்ல கை.

செவ்வாய்

அந்த ‘லிஸ்ட்’ என்னவென்று மகள் தேடிப் படித்தாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதிய சட்டம் அதை 21 ஆக்கியது. பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தாலசீமியா, அரிவாள் செல் நோய் எல்லாம் அப்போதுதான் உள்ளே வந்தன. ரத்த நோய், நரம்பு நோய் உள்ளவர்களுக்கும் இடம் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தைராய்டு அதில் இல்லை. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, லூபஸ் இல்லை. சரவாங்கி பெயரால் இல்லை. அது மூட்டுகளை நிரந்தரமாகக் கோணலாக்கிய பிறகு, இயக்கக் குறைபாடு என்ற தலைப்பில் அளந்து பார்ப்பார்கள்.

மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு, பிடி எப்படி என்று அளவெடுத்து விழுக்காடு போடுகிறார்கள். 40 விழுக்காடு வந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். பட்டியலில் உள்ள இரண்டு குறைபாடுகள் ஒருவருக்கு இருந்தால் அவற்றைச் சேர்த்துக் கணக்கிட மதிப்பீட்டு வழிகாட்டியிலேயே சூத்திரம் இருக்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள நோயைச் சேர்க்க வழியில்லை. தைராய்டு தரும் அசதியும் சரவாங்கி தரும் விறைப்பும் ஒரே உடம்பில்தான் கூடுகின்றன, காகிதத்தில் கூடுவதில்லை.

அந்த 21 வகைகளும் உள்ள சட்ட அட்டவணையின் கடைசி வரியை மகள் அடிக்கோடிட்டிருக்கிறாள். மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையும் இதில் சேரலாம் என்கிறது அந்த வரி.

புதன்

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தைராய்டு குறைவு வந்த எல்லோரும் மாற்றுத்திறனாளி அல்லர். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்து, ஏறக்குறைய 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைவு இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் தினம் ஒரு மாத்திரையோடு நன்றாகவே வாழக்கூடியவர்கள். அளவு சரியாக அமைந்துவிட்டால் வேலை கெடாது. அமையத்தான் பொறுமை வேண்டும்: மைக்ரோகிராம் கணக்கில் கூட்டிக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையோ இரும்புச் சத்து மாத்திரையையோ கூடவே போட்டுக்கொண்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதைச் சொல்லித் தர ஆள் இல்லாமலே பல பெண்கள் வருடக்கணக்கில் சோர்ந்து கிடக்கிறார்கள்.

“உப்பு சரியில்லாததாலதான் வருதுங்களா?” என்று அக்கா கேட்டார். அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்க நாடெங்கும் தடை வந்தது 2006இல். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இந்நோய்க்கு முக்கியக் காரணம் வேறு: உடம்பின் காவல் படை தன் சுரப்பியையே தாக்குவது. ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய் அது. சரவாங்கியும் அதே வகைக் குழப்பம், இடம்தான் மூட்டு. அக்காவுக்கு இரண்டும் சேர்ந்து வந்தது அபூர்வமல்ல.

சிக்கல் தைராய்டு என்ற பெயரில் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக நோய் ஏறி, எந்த நாள் எழ முடியும் என்று அவருக்கே தெரியாமல் போனதில் இருக்கிறது.

வியாழன்

அக்காவின் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறது. தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு, முதலாளியிடம் 3.25. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கான காப்பீடு. இத்தனை வருடமாக அதை மாத்திரை வாங்கும் இடமாக மட்டுமே அவர் நினைத்திருந்தார். நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது: 6 மாதக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தந்த நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, வருடத்துக்கு 91 நாள் வரை.

“இத்தன நாளா ஆருமே சொல்லலீங்களே!”

ஆனால் விதியில் இன்னொரு வரி இருக்கிறது. நோய் விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. கடந்த மூன்று மாதத்தில் அக்கா போட்ட லீவுகள்: இரண்டு நாள், ஒரு நாள், இரண்டு நாள், ஒன்றரை நாள். இடையில் மூன்று வாரம், நான்கு வாரம். கூட்டினால் ஆறரை நாள் கூலி போயிருக்கிறது, ஒரு ரூபாய் வருவதற்கும் வழி இல்லை.

நீண்ட கால நோய்களுக்கென்று ஈ.எஸ்.ஐ.யில் தனி ஏற்பாடும் உண்டு. 34 நோய்கள், கூலியில் 80 விழுக்காடு, இரண்டு வருடம் வரை. புற்றுநோய், காசநோய், பக்கவாதம், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் அதில் வருகின்றன. சுரப்பி நோய்களில் முற்றிய சர்க்கரை நோயின் சிக்கல்களுக்கு மட்டும்தான் இடம்.

இங்கேதான் வழி தவறுகிறது. நம் சட்டங்கள் விழுந்து கிடக்கும் நோயைப் பார்க்கப் பழகியவை. வந்து வந்து போகும் நோயைப் பார்க்க அவற்றுக்குக் கண் இல்லை.

ஒன்று மட்டும் அக்காவுக்குத் தெம்பு தந்தது. நோய்ப் பயன் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்றது ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு.

வெள்ளி

“பதிவு இல்ல. அம்மா தூங்கிட்டாங்க.”

சனி

சம்பள நாள். மூன்று நாள் கூலிதான் கையில் வந்தது.

இரவு, மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று மகள் பார்த்தாள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையின் பட்டியலில் தைராய்டு உட்பட்ட சுரப்பி நோய்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. சிகிச்சை மேம்பட்டுவிட்டது என்று பெரியவர்களுக்கான அந்தப் பகுதியை 2011இல் எடுத்துவிட்டார்கள். அதோடு கதவைச் சாத்தவில்லை. தைராய்டு இதயத்தை, மனதை எப்படிப் பாதித்தது என்று அந்தந்தத் தலைப்பில் பார்க்கச் சொன்னார்கள். இங்கிலாந்தில் தைராய்டு மாற்று மருந்து தேவைப்படுகிறவர்களுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணமே கிடையாது. அங்கே 2013இல் வந்த உதவித்தொகைத் திட்டம் நோயின் பெயரைக் கேட்பதில்லை. சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா, நடக்க முடிகிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறது. விண்ணப்பிக்கிறவர்களை நாட்குறிப்பு வைக்கச் சொல்வது அங்கே வழக்கம்.

அதைப் படித்த பிறகு மகள் நிமிடக் கணக்கும் எழுதத் தொடங்கினாள்.

ஞாயிறு

இன்று மகள் படித்தது, 2021 பிப்ரவரி 11இல் வெளியான விகாஷ்குமார் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறைபாடு விகாஷ்குமாருக்கு. 40 விழுக்காட்டுச் சான்று இல்லை என்று குடிமைப் பணித் தேர்வில் அவர் சொல்வதை எழுதும் உதவியாளரைத் தர மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாற்றுத்திறனாளி என்பதற்குச் சட்டமே விரிந்த விளக்கம் தருகிறது: நீண்ட காலக் குறைபாடு, சூழலின் தடைகளோடு சேர்ந்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க விடாமல் செய்தால் போதும். அவருக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்துதர விழுக்காட்டைக் காட்டி மறுக்க முடியாது.

உதவித்தொகை வேறு விஷயம். வருவாய்த் துறை வழியாகத் தமிழக அரசு தரும் மாதம் 1,500 ரூபாய்க்கு 40 விழுக்காடு கட்டாயம். ஆனால் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்கவும், ஓவர்லாக்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றிக் கேட்கவும் இந்தத் தீர்ப்பின் நியாயம் துணை நிற்கும். அக்கா கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்கப் போகிறார். “பிசிறு வெட்டுறதுன்னாலும் சரிங்க, ஒம்பது மணிக்கு வந்தாப் போதுமான்னு கேட்டுப் பாக்கறேன்.”

திங்கள்

திருப்பூர் பல்லடம் சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் இன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். அம்மாவும் மகளும் 7 மணிக்கே பஸ் ஏறினார்கள். மனுவில் இரண்டே கோரிக்கைகள். மூட்டு இயக்கத்தைக் காலை நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் தருவது விதிப்படியே கடமை, அதன்மேல் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆம் பிரிவு இருக்கிறது. மனுவோடு டைரியின் 22 பக்கங்களின் நகலை இணைத்திருந்தார்கள்.

அட்டவணையின் கடைசி வரியைப் பயன்படுத்த வேண்டியது மத்திய அரசு. வந்து போகும் நோய்களையும், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் நோய்களையும், அவை பறித்த வேலை நாட்களைக் கொண்டு அளக்கும் முறை வர வேண்டும். ஈ.எஸ்.ஐ.யின் இரண்டு நாள் காத்திருப்பை நாள்பட்ட நோயாளிகளுக்கு நீக்க வேண்டும். அதுவரை, விறைத்த கையோடும் வீங்கிய காலோடும் ஷிப்டுக்குப் போகிறவர்கள் இன்று இரவே ஒரு பழைய நோட்டை எடுத்து, நேரத்தோடு எழுதத் தொடங்குங்கள். உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள். யாராவது இல்லை என்று சொன்னால், அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.