அடையாள அட்டை கேட்கும் கலங்கள்

“ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே, பொருந்தாமலா போகும்?” வரிப்பத்தான்சேனையில் யாருக்காவது சிறுநீரகம் மாற்ற வேண்டும் என்றால் முதலில் எழுகின்ற பேச்சு இதுதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் வாசகர்களே, சகோதரங்களுக்குள் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். உம்மா, வாப்பாவின் திசு பொதுவாகப் பாதியே பொருந்தும்.

பொருந்தாவிட்டால் என்ன நடக்கும்? யுத்த காலத்தில் அம்பாறைக்குப் போய் வந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சோதனைச் சாவடியில் இரண்டு விதமாக மாட்டிக்கொள்ளலாம். சந்தேகப்படும் முகமாக இருந்தால் பிடிப்பார்கள். முகத்தில் ஒன்றுமில்லை, அடையாள அட்டையைக் காணவில்லை என்றாலும் பிடிப்பார்கள். நம் இரத்தத்திலும் இப்படி இரு காவல் உண்டு. ‘ரி’ கலங்கள் அந்நிய முகத்தைப் பிடிக்கின்றன. இயற்கைக் கொல்லிக் கலங்களோ, சொந்த அடையாளம் இல்லாததைக் கண்டு தாக்குகின்றன. சுவீடனைச் சேர்ந்த கிளாஸ் கேரேயும் சகாக்களும் 1986இல் இதனை எலிகளில் காட்டினார்கள்.

இந்தக் கொல்லிகள் எப்போதும் எதிரியல்ல. இத்தாலியின் பெரூஜா நகர மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குப் பாதி பொருந்திய உறவினரின் என்பு மச்சைக் கலங்களைக் கொடுத்தார்கள். கொடுத்தவரின் கொல்லிக் கலங்கள், எஞ்சிய புற்றுநோய்க் கலங்களில் தம் அடையாளத்தைக் காணாமல் அவற்றை அழித்தன. அத்தகைய நோயாளரிடம் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. பொருந்தாமையே மருந்தாகிவிட்டது!

சிறுநீரகத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. என் மச்சானுக்கு அவருடைய ராத்தா சிறுநீரகம் கொடுத்தார். பாதிப் பொருத்தம் என்றார்கள். “அப்போ மற்றப் பாதிக்கு?” என்று மாமி கேட்டார். எவ்வளவு சரியான கேள்வி! மற்றப் பாதிக்குத்தான் நாள் தவறாத குளிசை. ஆனால் டெக்ரோலிமஸ் போன்ற குளிசைகள் பெரும்பாலும் ‘ரி’ கலங்களையே அடக்குகின்றன. கொல்லிக் கலங்கள் அவ்வளவாக அடங்குவதில்லை. பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2019இல் காட்டியபடி, அடையாளம் காணாத இக்கலங்கள் புதிய சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தாக்கக்கூடும். ஒரே நாளில் அல்ல, மெல்ல மெல்ல. ஆரம்பத்தில் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனால்தான் சுகமாக இருப்பவரையும் டொக்டர்மார் கிளினிக்குக்கு வரச்சொல்லி, இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்கள்.