புது வழித்தடமும் ரிட்டர்ன் லோடும்

வாகைகுளத்தில் நம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்தது 2025 ஜூலை 26-ம் தேதி. அன்றிலிருந்து எங்கள் காலை நடைக் கூட்டத்தில் உப்பு விலையும் முழங்கால் வலியும் பின்னுக்குப் போய்விட்டன. பேச்செல்லாம் விமானம்தான். சிலோன் காலத்திலிருந்தே எதையும் பெரிதாகக் கனவு காண்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, இனி அமெரிக்காவுக்கு நம்ம ஊர்ல இருந்தே நேரா ஏறிரலாம்லா?"

சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கடலுக்கு அப்பால்தான் இருக்கிறது. என் மகள் நியூஜெர்சியில். அவளைப் பார்க்கப் போகிறோம் என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு, சென்னையில் ஒரு பகல், பிறகு வளைகுடாவில் விமானம் மாறி இன்னொரு பகலிரவு. வீட்டுப் படி இறங்கி அவள் வீட்டுப் படி ஏற இரண்டு நாள் ஆகிவிடும். என் மனைவியின் முழங்கால் அதைத் தாங்கும் காலம் இன்னும் எத்தனை ஆண்டு என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

போன ஆண்டு அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். டல்லாஸிலிருந்து மகன் வந்து சேரும்வரை உடலை இரண்டு இரவு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த அம்மா பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விமான வழித்தடம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது அந்தக் கண்ணாடிதான்.

ஆகவே வழித்தடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் ஒரு சந்தேகத்தையும் விட முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பெரிய கிளார்க் சொல்வார்: "சரக்கு ஏத்திட்டா பாதி வேலைதான் தம்பி முடிஞ்சிருக்கு. திரும்பி வரும்போது கப்பல்ல என்ன இருக்கும்னு பாரு. அதான் அடுத்த நடை உண்டா இல்லையான்னு சொல்லும்." லாரிக்காரர்கள் இதையே ரிட்டர்ன் லோடு என்பார்கள்.

புது வழித்தடம் திறப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1906 அக்டோபர் 16-ம் தேதி வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பல். எதிர்க் கம்பெனியின் நெருக்கடியில் அது கைவிட்டுப் போனதும் சொந்தக் கப்பலே வாங்கினார்கள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் 1907-ல் இங்கே வந்தன. காலியாவில் 1,300 பேருக்கு மேல் பயணம் செய்யலாம். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகும் வாசலே தூத்துக்குடிதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி – தலைமன்னார் வழி வரும்வரை சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். ஆகவே ஆளுக்கும் சரக்குக்கும் குறைவில்லை, மக்கள் அன்புக்கும் குறைவில்லை.

எதிரே இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. இவர்களும் குறைத்தார்கள். கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்களாம்; நம் ஊரில் பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிற கதை. இருபத்தைந்து ரூபாய்ப் பங்குதாரர்களின் கம்பெனி எத்தனை மாதம் நஷ்டத்தில் ஓடும்? 1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். 1911-ல் கம்பெனியே கலைந்தது. காலியா எதிர்க் கம்பெனியிடமே விற்கப்பட்டது என்பதை இன்றும் மனம் ஏற்க மறுக்கிறது.

அடுத்தது நம்மில் பலர் கண்ணால் பார்த்தது. 2011-ல் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வந்தது. அதே ஆண்டு ஜூன் 13-ல் கொழும்புக்குக் கப்பல் மறுபடியும் கிளம்பியது. ஸ்கோஷியா பிரின்ஸ்! அட்லாண்டிக் ஓரத்தில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே இருபது வருடத்துக்கு மேல் ஓடிய கப்பல் அது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம். முதல் நாள் மாலையும் பேண்டும் அமைச்சரும் கேமராவுமாக ஊரே திருவிழாக் கோலம்.

கொழும்பில் என் மனைவியின் தங்கை இருக்கிறாள். ஆகஸ்டில் நாங்கள் அந்தக் கப்பலில் போனோம். சாயங்காலம் ஏறினால் காலையில் கொழும்பு. மேல்தளத்தில் நின்றால் துறைமுக விளக்குகள் மெல்லச் சிறுத்துப் போவதைப் பார்க்கலாம், அருமையான பயணம். ஆனால் நடைபாதையில் வரிசையாகப் பூட்டிய அறைகள். சாப்பாட்டு ஹாலில் மேசைகள் காத்துக்கிடந்தன. சேலை, லுங்கி மூட்டையோடு வந்த சிறு வியாபாரிகள்தான் கொஞ்சம் கலகலப்பு. திரும்பி வரும்போது கூட்டம் இன்னும் குறைவு. பெரிய கிளார்க் சொன்னது காதில் கேட்டது. நவம்பரில் கப்பல் நின்றது. ஆறு மாதம்கூட முழுதாக ஓடவில்லை.

இதற்கு நேர் எதிர் நம் தோணிகள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் மளிகையும் ஏற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் போய் வந்தவை. எந்த அமைச்சரும் கொடியசைக்கவில்லை. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் ஓய்வு. காற்று தணிந்ததும் பயணம். சரக்கு சேர்ந்த பிறகுதான் பாய் விரியும். இலாபம் சிறிது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை.

விமானத்துக்கும் இதே கணக்குதான். 2005-ல் ஏர் இந்தியா அமிர்தசரஸிலிருந்து பர்மிங்ஹாம் வழியாக டொராண்டோவுக்கு விமானம் விட்டது. சிறிய ஊரிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் வழித்தடம். கனடாவில் பஞ்சாபிகள் எவ்வளவு பேர் என்று சொல்லவே வேண்டாம். அப்படியிருந்தும் அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. கேரளத்தில் கண்ணூர் இன்னொரு பாடம். 2018 டிசம்பரில் திறந்த சர்வதேச விமான நிலையம். ஓடுபாதை 3,050 மீட்டர். ஆனாலும் வெளிநாட்டு விமானக் கம்பெனிகள் வந்து இறங்க மத்திய அரசின் அனுமதிப் பட்டியலில் இடம் கிடைக்காமல் பல ஆண்டு காத்திருந்தது. ஓடுபாதை நீளமானால் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நமக்கு 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராகியிருக்கிறது. எழுபது எண்பது பேர் ஏறும் புரொப்பெல்லர் விமானங்களையே பார்த்துப் பழகிய ஊரில் இனி பெரிய ஜெட் இறங்கலாம். முனையத்துக்கு ஆன செலவு சுமார் 450 கோடி. நல்லது. ஆனால் இங்கிருந்து நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போகும் விமானத்தில் முந்நூறு பேராவது இருப்பார்கள். வாரம் முழுதும் அந்த முந்நூறு பேரை இரண்டு பக்கமும் நம் மாவட்டத்தால் நிரப்ப முடியுமா? பிள்ளைகள் வருவது மே, டிசம்பர் விடுமுறைக்கு. மற்ற மாதங்களில் அந்தக் காலி இருக்கைகளுக்கு யார் காசு கொடுப்பது?

என் ஆசை சிறியது. இங்கேயே பெட்டியைப் போட்டால் நியூஜெர்சியில் எடுத்துக்கொள்ளும்படி ஒரே டிக்கெட் கிடைக்கட்டும். சென்னையிலோ பெங்களூரிலோ அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரத்தில் பொருந்தும்படி நேரம் அமையட்டும். சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் வந்தால் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ ஒரு விமானம். மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் காரில் ஓடும் கூட்டமே அதில் பாதியை நிரப்பிவிடும். அடியில் நம் இறாலும் உயிர் நண்டும் ஏறினால் மீதிக் கணக்கும் சரியாகும். திருவிழாவுக்கு வருகிறவர்களை நம்பாமல், தோணிக்காரன் மாதிரி சரக்கைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பிக்கட்டும்.

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலைப் பாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, ஒரு வாரத்தில் மழைக்காலம் வந்து நின்றது. எல்லோரும் கைகழுவினார்கள். 2024 ஆகஸ்டில் சிறிய கப்பலோடு திரும்ப வந்தது. நின்றுபோனது திரும்பவும் கிளம்பும். அளவு தெரிந்து கிளம்பினால் நிலைக்கவும் செய்யும்.

எனவே நடைக் கூட்ட நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: "நேரா அமெரிக்கா வரலேன்னா பரவாயில்ல. வர்ற விமானம் மூணாவது வருஷமும் வரணும், அண்ணாச்சி." திறப்பு விழாப் படத்தை நான் வெட்டி வைக்கப்போவதில்லை. மூன்றாம் ஆண்டு கால அட்டவணை வெளிவரட்டும். அதை வெட்டி, மகளின் போன் நம்பர் எழுதிய டைரியில் ஒட்டி வைப்பேன்.